கையை எடுத்தால் படகு இறங்காது

ஷமீமா, யூசுப், இரண்டு பேரும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கோடை விடுமுறைக்கு நீங்கள் கூடுவாஞ்சேரி மாமா வீட்டில் இருந்த வாரத்தில் அத்தா இரண்டு நாள் கடற்கரைக்குப் போய்வந்தேன். போனில் சொன்னபோது, "எங்களை விட்டுட்டு பீச்சுக்குப் போனீங்களா?" என்று யூசுப் கோபித்துக்கொண்டான். அது பீச் இல்லை. அங்கே சுண்டல் விற்பவரும் இல்லை, ராட்டினமும் இல்லை. நான் போனது ஒரு டீசல் எஞ்சினோடு. நேரில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள், நானும் எங்கேயோ போய்விடுவேன். அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன். உங்கள் அம்மாவும் படிக்கட்டும். எஞ்சினைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

நம் தெருவுக்கு மீன் கூடையோடு வரும் கஸ்தூரி அக்காவை உங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு அவர் பெயரில் ஒரு ஃபைபர் படகு கிடைத்திருந்தது. அவருடைய தம்பி தேசிங்கு அதை ஓட்டுகிறார். போன மாதம் அந்தப் படகு கரைக்குத் திரும்பும்போது அலைக்கு நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்ததில், கூடப் போன ஏழுமலை என்பவருக்குத் தோள்பட்டை முறிந்தது. அன்றிலிருந்து படகு மணலில்தான் கிடக்கிறது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்து, எஞ்சினில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அக்கா அதை நம் கேம்ப் ரோடு பட்டறைக்கு அனுப்பினார். நானும் முழுக்கக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பகல் முழுவதும் பட்டறையில் ஓடவிட்டேன். நிற்காமல் ஓடியது.

"எஞ்சின் நல்லாத்தானே இருக்கு அக்கா" என்றேன்.

"கரையில நல்லாதான் ஓடும் பாய். அலை மேல ஏறசொல்லோ நின்னுபூடும். எங்கூர்ல ஒரு கட்டுப்பாடு கீது. எஞ்சின பாத்தவங்க அதே போட்ல ஏறி அலைய தாண்டிப் போயிட்டு வரணும். அப்பதான் ஊரு அத தொழிலுக்கு எறக்க வுடும். முன்ன பாத்த ரெண்டு பேரும் ஏற மாட்டேன்ட்டாங்கோ. நீ வருவியா?"

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் நிலத்தில் ஓடும் எஞ்சின் தண்ணீரில் ஏன் நிற்கிறது என்ற கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே லோடு ஆட்டோ வந்துவிட்டது. வாடகை முந்நூறு ரூபாய். எஞ்சினைக் கயிற்றால் கட்டிவிட்டு நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் பால் வண்டிகளும் டீக்கடைகளும் விழித்திருந்தன. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பெரும்பாக்கம். அதைத் தாண்டியதும் சதுப்பு நிலம். தண்ணீரில் கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. சோழிங்கநல்லூரில் கண்ணாடிக் கட்டடங்கள் பாதி முடிந்து நிற்கின்றன. கால்வாய்ப் பாலத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் காற்றில் உப்பு தெரிந்தது. பனையூர், உத்தண்டி சுங்கச்சாவடி, அப்புறம் கானத்தூர். நம் பட்டறையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் இத்தனை வருடத்தில் நான் இந்தப் பக்கம் வந்தது கோவளம் தர்காவுக்கு இரண்டு முறை, அவ்வளவுதான்.

"எஞ்சின எறக்கிட்டு என் வண்டிலயே திரும்பிடு பாய்" என்றார் டிரைவர். "இன்னாத்துக்கு கடலு? நானெல்லாம் பீர்க்கன்கரணை ஏரில கால் கழுவவே யோசிப்பேன்."

கானத்தூரைத் தாண்டி இடது பக்கம் மணல் பாதை. சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் குப்பம். புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீடுகள் இரண்டு வரிசை, ஒரு சமுதாயக் கூடம், அதற்கு முன்னால் மணலில் வரிசையாகப் படகுகள். கஸ்தூரி அக்கா டீ வாங்கி வைத்திருந்தார். தேசிங்குவுக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சில் வேகம். ஏழுமலை கொஞ்சம் இளையவர். இடது தோளை உயர்த்த முடியவில்லை, ஆனால் வாய்க்கு ஓய்வே இல்லை.

கடலைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அலை அலை என்று பயமுறுத்தினார்களே, இது தகடு மாதிரி கிடக்கிறதே என்று நினைத்தேன். சொல்லியும்விட்டேன்: "சிட்லபாக்கம் ஏரி மாதிரி இருக்கு."

தேசிங்கு சிரித்தார். "இப்ப அப்டிதான் கீது. குந்து பாய். ஒரு பீடி முடியற வரிக்கும் பாரு."

உட்கார்ந்தேன். அவர் பீடி பாதி எரியும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தூரத்தில், காற்றே இல்லாத தண்ணீரில், ஒரு நீளமான மடிப்பு தெரிந்தது. கோரைப்பாய்க்கு அடியில் யாரோ கையை விட்டு இழுத்துக்கொண்டு வருவதுபோல அது வந்தது. நுரை இல்லை, சத்தமும் இல்லை. கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் அந்த மடிப்பு எழுந்து நின்றது. நம் வீட்டு வாசற்கதவு உயரம் இருக்கும். அப்படியே முன்பக்கமாகச் சுருண்டு விழுந்தது. உட்கார்ந்திருந்த மணல் அதிர்ந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் பெரிதாக ஒன்று. அப்புறம் பழையபடி தகடு.

"எங்கே இருந்து வந்தது? காற்றே இல்லையே?" என்று கேட்டேன்.

"இங்க காத்து இல்ல. தெக்க எங்கியோ பெருங்கடல்ல அடிச்ச காத்து இது" என்றார் ஏழுமலை. "அங்க கெளப்பி வுட்டது நாலஞ்சு நாளு நடந்து வருது. இங்க அடிக்கற காத்துல வர்ற அலை வேற. அது குட்டக் குட்டயா, அடுத்தடுத்து வரும். மூஞ்சில தண்ணிய அடிக்கும், சட்டைய நனைக்கும், ஆனா சீக்கிரத்துல கவுக்காது. இது நிதானமா வரும். ரெண்டு அலைக்கு நடுவுல எவ்ளோ நேரம் எடுக்குதோ அவ்ளோ வெயிட்டு அதுல கீது."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாருக்கும் என் கேள்விகள் வேடிக்கையாக இருந்தன. ஆனால் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். தேசிங்கு பார்ப்பது அடிவானத்தை. அது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தால் போகலாம், ரம்பப் பல் மாதிரி தெரிந்தால் வெளியே கடல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. ஏழுமலை பார்ப்பது மணல்திட்டை. அலை கரையோரம் மட்டும் உடைந்தால் சரி, திட்டிலும் உடைந்து மறுபடி கரையிலும் உடைந்தால் நடுவில் படகு மாட்டிக்கொள்ளும். சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. போனில் வரும் வானிலைச் செய்தியை யாராவது சாக்பீஸால் எழுதிவைக்கிறார்கள். அன்றைக்கு அலை ஒன்றரை மீட்டர் என்று இருந்தது.

"அப்போ ஒன்றரை மீட்டருக்கு மேலே வராதுதானே?"

"அப்டி இல்ல பாய்" என்றார் ஏழுமலை. "அது பொதுவா பெரிய அலைங்க எவ்ளோன்னு சொல்றது. அத பாக்காம எறங்கக்கூடாது. ஆனா அதுலயும் பெருசா ஒண்ணு எப்பனா வரும். நம்மள கவுக்கறதுக்கு நூறு அலையா வேணும்? ஒண்ணே போதும்."

"ஒண்ணு வரும் ஒண்ணு வரும்னு சொல்லியே இவன் ஒரு மாசமா வூட்ல துன்னுகினு கீறான்" என்றார் தேசிங்கு.

"நீ வுட்ட ஸ்டைலுக்கு நான் உயிரோட துன்றேனேன்னு சந்தோசப்படு மச்சான்."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படகு ஒன்று கடலுக்குள் இறங்கியது. கடைசிப் பெரிய அலை விழுந்ததும் ஆட்கள் தள்ளிவிட, எஞ்சின் உறுமிக்கொண்டு போனது. திட்டைத் தாண்டும்போது ஒரு சின்ன அலை குறுக்கே வந்தது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது, அப்புறம் தடாலென்று அந்தப் பக்கம் விழுந்தது. எல்லாரும் படகைப் பார்த்தார்கள். நான் அதன் எஞ்சினைப் பார்த்தேன். அது அப்படியே பின்பக்கம் சாய்ந்திருந்தது. என் பட்டறையில் எந்த எஞ்சினும் இப்படிச் சாய்ந்ததில்லை.

ஓடிப்போய் நம் எஞ்சினின் டீசல் டாங்கைத் தொட்டுப் பார்த்தேன். அகலமான தட்டை டாங்க். டீசல் இறங்கும் துளை அதன் முன்பக்க மூலையில் இருந்தது.

"தேசிங்கு, எஞ்சினோட வந்த டாங்க்தானா இது?"

"அது ஓட்டையாயிடுச்சி பாய். சோழிங்கநல்லூர்ல தண்ணி பம்பு டாங்கி ஒண்ணு சல்லிசா கெடச்சது. சொம்மா கும்முனு உக்காந்துச்சி, மாட்டிட்டோம்."

தண்ணீர் பம்பு வயலில் ஓர் இடத்தில் நிற்பது. அதன் டாங்க் எப்போதும் சமமாகவே இருக்கும், துளை எந்த மூலையில் இருந்தாலும் கவலை இல்லை. படகு அலைமேல் ஏறும்போது டாங்கில் பாதி டீசல் இருந்தால் அத்தனையும் பின்பக்கம் ஓடிவிடும். முன்மூலைத் துளை காற்றைக் குடிக்கும். டீசல் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும், காற்றை வெளியேற்றாமல் மறுபடி கிளம்பாது. நாங்கள் மூன்று மெக்கானிக்குகளும் தரையில் வைத்து, டாங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறோம். எப்படி நிற்கும்?

அந்த டாங்கைக் கழற்றி எறிந்தேன். ஒரு பிளாஸ்டிக் கேனைத் தலைகீழாகக் கட்டி, அதன் மூடிக்கு நடுவில் துளை போட்டுக் குழாயைப் பொருத்தினேன். மேலே காற்று போகச் சின்னத் துளை. இனி எப்படிச் சாய்ந்தாலும் கழுத்துக்குள் டீசல் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத்தான். அது சரியா என்பது திட்டுக்கு அந்தப் பக்கம்தான் தெரியும்.

வேலை முடிந்தபோது வெயில் ஏறியிருந்தது. எனக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். அது வயிற்றில் பூட்ட மறுத்தது. "பாயிக்கு ரெண்டு சட்ட ஜாயிண்டு போடணும்" என்றார் ஏழுமலை. படகைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்தார்கள். அப்போது கஸ்தூரி அக்கா என்னிடம் வந்து ஒரு விஷயம் சொன்னார்.

"பாய், ஏறப்போறவங்க மூணு பேரும் போட்டு மேல கை வெச்சிகினு நிப்பீங்கோ. யாருக்குனா வாணாம்னு தோணிச்சின்னா வாயத் தொறக்க வாணாம், கைய எடுத்தா போதும். மத்தவங்களும் கைய எடுத்துருவாங்கோ. போட்டு எறங்காது. ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கோ."

"யார் வேணா எடுக்கலாமா?"

"ஏறப்போற யாரு வேணா."

தேசிங்கு பின்பக்கம், ஏழுமலை முன்பக்கம், நான் நடுவில். விளிம்பில் கை வைத்தேன். ஃபைபர் வெயிலில் சுட்டது. தள்ளிவிட நாலைந்து பேர் தயாராக நின்றார்கள். கணுக்கால் வரை தண்ணீர் வந்து போனது. பெரிய அலைகள் மூன்று விழுந்தன. "இதான் கடைசி, எல்லாரும் ரெடியா?" என்றார் தேசிங்கு. கடல் மறுபடி தகடாகப் படுத்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அடிவானம் எனக்குக் கோடாகவும் தெரிந்தது, கொஞ்சம் பிசிறாகவும் தெரிந்தது. காலையிலிருந்து பார்த்ததில், பெரிய அலைகளுக்கு நடுவே வரும் அமைதி இவ்வளவு நேரம் நீடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. இடைவெளி நீண்டால் எடை அதிகம் என்று ஏழுமலை சொன்னது மனதில் ஓடியது. அவர் சொன்னது இரண்டு அலைகளுக்கு நடுவில் உள்ள நேரம், கூட்டம் கூட்டமாக வருவதற்கு நடுவில் உள்ள நேரம் இல்லை. இரண்டும் வேறா, ஒன்றா? எனக்குத் தெரியவில்லை. போவது சரி, திரும்பி வருவது எப்படி என்றும் தோன்றியது. உங்கள் முகமும் தோன்றியது. இதில் எது முதலில் தோன்றியது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பயமா, கணக்கா, அதுவும் தெரியாது.

கையை எடுத்துவிட்டேன்.

நான் எடுத்த அதே நொடியில் ஏழுமலை எடுத்தார். தேசிங்கு எடுத்தார். தள்ள வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் படகைத் திருப்பி மேலே இழுக்க ஆரம்பித்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் கடல் பக்கம் திரும்பினேன். அடுத்த அலை எப்படி வருகிறது என்று பார்த்தால் நான் செய்தது சரியா தப்பா என்று தெரிந்துவிடுமே. தேசிங்கு என் தோளைப் பிடித்து ஊர்ப் பக்கம் திருப்பினார்.

"அத பாக்காத பாய். அக்கா வூட்டு மிக்ஸி ஒரு வாரமா சுத்தல. வந்து இன்னான்னு பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அன்று மதியம் முழுவதும் என்னைக் கடல் பார்க்க விடவே இல்லை. கஸ்தூரி அக்கா வீட்டுப் பின்பக்கம், சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். மிக்ஸி முடிந்ததும் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. அப்புறம் ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு டார்ச் லைட். பேட்டரி போடாமல் கொண்டுவந்த ஒரு ரேடியோகூட வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் போன படகுகள் திரும்பும் எஞ்சின் ஓசையும் கேட்டது. எப்படித் திரும்பின என்று யாரும் சொல்லவில்லை. ஏழுமலை வந்து உட்கார்ந்து, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் என்ன விலை, சினிமா டிக்கெட் என்ன விலை என்று எல்லாம் கேட்டார். அதை மட்டும் கேட்கவில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. தேசிங்கு ஒரு மாதமாக அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு அதையும் விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். சங்கரா மீன் நன்றாகக் கிடைக்கும் நேரம் வேறு. சாயங்காலம் கஸ்தூரி அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, என்னால உங்களுக்கு ஒரு நாள் வீணாப் போச்சே. நான் கையை எடுத்தது சரியா?"

"கேக்காத பாய்."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவர் அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரின்னு சொன்னா நீ பெரிய ஆளாயிடுவே. தப்புன்னு சொன்னா அடுத்த தபா கை வராது. எங்க வூட்டுக்காரரு ஒரு தபா வாணாம்னு நின்னாரு. அன்னிக்கு பூரா கடலு எண்ண ஊத்தின மாதிரி கெடந்துச்சி. பொழுது சாயற வரிக்கும் அத்தினி பேரும் சிரிச்சாங்கோ. நானுந்தான் சிரிச்சேன். அப்பறம் ஒரு நாளு விடியக்காத்தால கெளம்பசொல்லோ எம் மூஞ்சியவே பாத்துகினு நின்னாரு. ஒண்ணும் சொல்லல. ஏறிப் போயிட்டாரு."

மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதில் எடுத்தார்.

"அதுக்கு அப்பறந்தான் ஊர்ல இந்த கட்டு வந்துச்சி. கைய எடுத்தா கேக்கக்கூடாது. கடல பாத்து சரி பாக்கவும் கூடாது. சரி, சோறு துன்றியா?"

சங்கரா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, சமுதாயக் கூடத்தில் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வந்ததும் மறுபடி மணலில் உட்கார்ந்தோம். இந்த முறை அதிக நேரம் பார்த்தோம். பெரிய அலைகள் வந்தன. ஆனால் திட்டில் எழுந்தபோது நேற்றைய உயரம் இல்லை, விழுவதும் கரையோரம்தான். அடிவானம் கோடு. மூன்று பேரும் கை வைத்தோம். நான் பிஸ்மில்லா சொன்னேன். தேசிங்கு அவருடைய அம்மன் பெயரைச் சொன்னார். யாருடைய கையும் அசையவில்லை.

"தள்ளு" என்றார் தேசிங்கு.

உள்ளே ஏறி விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. கரை பின்னால் ஓடியது. திட்டுக்கு வந்ததும் முன்னால் தண்ணீர் உயர்ந்தது. படகின் மூக்கு எழுந்தது. எனக்கு முன்னால் கடல் போய் வானம் மட்டும் தெரிந்தது. நான் கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் ஒரு நொடி கனத்து இறங்கியது. ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கை தோளுக்குப் போயிருந்தது. பட்டறையில் இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். டீசல் இல்லாமல் திணறுவது வேறு, பாரம் ஏறி முனகுவது வேறு. இது பாரம். "போகும், போகும்" என்று கத்தினேன். மூக்கு அந்தப் பக்கம் விழுந்தது. முதுகெலும்பு வரை அடித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

திட்டுக்கு வெளியே கடல் வேறு மாதிரி இருக்கிறது. கரையில் நின்று பயந்த அதே அலைகள் அங்கே உடைவதில்லை. மூச்சு விடுகிற மாதிரி படகைத் தூக்கி இறக்குகின்றன, அவ்வளவுதான். மேலே போகும்போது ஊர் தெரிகிறது, கீழே வரும்போது தண்ணீர் மட்டும். வேண்டுமென்றே அதன் மேல் ஏறி இறங்கி, டீசலைக் குறைத்து, கூட்டி, சாய்த்து, எல்லாம் செய்து பார்த்தோம். எஞ்சின் நிற்கவில்லை. அதன் பிறகு நான் காலை டீ முழுவதையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்தேன். "மீனுக்கு பாய் வூட்டு சாப்பாடு" என்றார் ஏழுமலை.

திரும்புவதுதான் கஷ்டம் என்று அங்கேதான் புரிந்தது. போகும்போது அலையை எதிரில் பார்க்கிறோம். வரும்போது அது முதுகுக்குப் பின்னால் வருகிறது. திட்டுக்கு வெளியே எஞ்சினைத் தணித்து, கரையைப் பார்த்தபடி காத்திருந்தோம். தேசிங்கு மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பெரிய அலை எங்களைத் தூக்கிவிட்டு முன்னால் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது அடியில் நழுவியதும் தேசிங்கு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு போனார். அவசரப்பட்டு அதைத் தாண்டினால் படகு அதன் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், பின்தங்கினால் அடுத்தது வந்து மேலே விழும். முதுகிலேயே, அதே வேகத்தில் போக வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பது ஏழுமலையின் தோளில் தெரிகிறது. அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அந்த ஒரு நேரம்தான்.

எங்கள் முன்னால் அலை உடைந்து வெள்ளையாகச் சிதறியது. அந்த நுரைக்குள்ளேயே படகு போய் மணலில் மோதியது. ஆட்கள் ஓடிவந்து பிடித்தார்கள். கஸ்தூரி அக்கா படகின் மூக்கைத் தொட்டுவிட்டு, எஞ்சினைப் பார்க்காமல், ஏழுமலையின் தோளைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எறங்கலாமா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவரைக் கேட்டார் தேசிங்கு.

"எறக்கு" என்றார் அவர்.

மதியம் கிளம்பினேன். சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து சோழிங்கநல்லூர், அங்கிருந்து தாம்பரம் பஸ். டிக்கெட் ஆறு ரூபாய். கஸ்தூரி அக்கா கொடுத்த மீன் பை மடியில். நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார். ஜன்னல் வழியாகப் பெரும்பாக்கம் சதுப்பு நிலம் போனது. வழி முழுக்க நம் ஊரைப் பற்றித்தான் யோசித்தேன். தாம்பரம் ஸ்டேஷன் முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது ஒரு கூட்டம் சேர்ந்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்கிவிடுகிறோம். ஒருத்தர் பின்வாங்கினால் 'ச்சே' என்கிறோம். நம் பட்டறையில்கூட யாராவது இந்த வேலை வேண்டாம் அண்ணா என்று சொன்னால், ஏன், என்ன, எதற்கு என்று நானே மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். கஸ்தூரி அக்கா ஊரில் அலையைப் பார்க்க ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் வழி இன்னொருத்தருக்கு ஒத்துவருவதில்லை. ஆனால் ஒருத்தர் மனதில் வேண்டாம் என்று எழுந்தால் அது வெளியே வர ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பெரியவர்களாகி எதில் கை வைத்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் கையை எடுத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறந்தேன். நான் இல்லாத இரண்டு நாள் பேப்பர்களும் ஷட்டருக்கு அடியில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்து விரித்தேன். உள்பக்கத்தில் கீழே ஒரு கட்டம். 'சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நேற்று' என்பது வரை கண்ணில் பட்டது. நேற்று என்றால் நான் கையை எடுத்த சனிக்கிழமை. அதற்குக் கீழே எட்டு வரி இருந்தது.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. அந்தத் தாளைத் தனியாக உருவி, எழுத்து தெரியாதபடி கட்டத்தை அடிப்பக்கமாகத் திருப்பித் தரையில் விரித்தேன். வேலைக்கு வந்திருந்த ஒரு பம்பு செட்டின் டீசல் குழாயைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். டீசல் மெல்லப் பரவித் தாள் முழுவதும் ஊறியது. கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்தேன்.